மன்னார்த் தேசப்படமும் மாறிய கடிகாரங்களும்

இடத்தைக் காட்டுவது தேசப்படம், காலத்தைக் கூறுவது வரலாறு என இரண்டையும் வேறுபிரித்தே பாடசாலைகளிற் கற்பித்து வருகின்றனர். புவியியல் மாணவன் படத்தை விரிக்கின்றான். வரலாற்று மாணவன் ஆண்டுகளை அடுக்குகின்றான். மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையோரத்தையும் ஆராயப் புகுவோர்க்கோ இப்பிரிவினை நெடுநேரம் நிலைப்பதில்லை. ஆதாம் அணையின் மணற்றிட்டுகள் இடம்பெயர்வன; முத்துச்சிப்பிப் பார்கள் ஓராண்டிற் செழித்து மறு ஆண்டில் வெறுமையாவன; மீனவர் படகுகள் வாடைக்கு ஒரு கரையும் சோழகத்துக்கு மறு கரையுமாக மாறுவன; ஊர்கள் ஒரு கிழமைக்குள் ஆளொழிந்து இருபதாண்டின் பின் மீளக் குடியேறுவன. இத்தகைய நிலத்தின் படத்தை விரித்து வைத்து 'எங்கே?' என்று மட்டும் கேட்பவனுக்குக் கிடைக்கும் விடை அரைகுறையானது. 'எப்போது?' என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு இன்று கருவியுண்டு. காகிதத் தேசப்படத்தின் இடத்தைக் கணினியிற் சேமித்த தேசப்படம் பெருமளவு பிடித்துக்கொண்டுள்ளது. அதனைச் சேமித்து, வலையமைப்பின் வழியே கேட்பவர்க்கு வழங்கும் பொறி 'வழங்கி' எனப்படும். படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திகதியை இணைத்துவிட்டால், 'இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை' எனக் கால எல்லை குறித்து அவ்வழங்கியை வினவலாம். எல்லைக்குள் அடங்கும் புள்ளிகள் தோன்றும், ஏனையவை மறையும். வரலாற்று மாணவனுக்கு இதனினும் இனிய கருவி வேறில்லை எனத் தோன்றும். ஆயினும் வழங்கியின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின், நேற்றுவரை சரியான விடை தந்த அதே வினா இன்று வெறும் கடலையும் கரையையும் மட்டும் காட்டி நிற்பது பல நாடுகளிலும் தேசப்படப் பணியாளர் கண்ட அனுபவமாகும். தரவு அழியவில்லை, வினாவும் மாறவில்லை, இடையே நின்று காலத்தை மொழிபெயர்த்த கடிகாரமே மாறியுள்ளது. இது பொறியியலாளர்க்கு மட்டுமுரிய சிக்கலன்று என்பதற்கு மன்னாரின் வரலாறே சான்று. ஆட்சிகளும் அரசாணைகளும் மாறியபோதெல்லாம் மன்னாரின் திகதிகளும் மணிகளும் இவ்வாறே பொருள் மாறியுள்ளன.

முதலில், திகதியில்லாத படம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு முத்துச்சலாபத்தை நோக்கலாம். மன்னார்க் குடாவின் சிப்பிப் பார்கள் அரிப்பு, சிலாபத்துறை, மருச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு மேற்கே கடலடியிற் பரந்து கிடப்பவை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் இவற்றை அரச உடைமையாகவே பேணினர். பார்களைப் பரிசோதித்து, சிப்பி முதிர்ந்ததா எனக் கண்டறிந்து, முதிர்ந்த ஆண்டிலே மட்டும் சலாபம் கூட்டுவது வழமை. பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில், வாடை தணிந்து கடல் அமைதியுறும் வேளையிற் சலாபம் கூடும். அப்போது வெறும் மணற்கரையில் ஒரு நகரமே எழும். பருவம் முடிந்ததும் ஓலைக் கொட்டில்களும் கடைவீதியும் மறைந்துவிடும். ஆகவே 'மருச்சுக்கட்டியில் நகரமிருந்ததா?' என்ற வினாவுக்கு, மாதத்தையும் ஆண்டையும் குறிப்பிடாமல் ஆம் என்றோ இல்லை என்றோ விடைகூற இயலாது.

பார்களின் நிலையும் இதுவே. 1891 ஆம் ஆண்டின் சலாபத்துக்குப் பின்னர் ஒரு தசாப்தத்துக்கு மேலாகச் சலாபம் கூடவில்லை. காரணம் அறியும் பொருட்டு அழைக்கப்பட்ட பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 இல் இங்கு வந்து பார்களை ஆராய்ந்தார். அவருடன் வந்த ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவ்வறிக்கை, பெரிய பார் எனப்படும் பாரைப்பற்றிக் கூறுவது சிந்திக்கத்தக்கது. அப்பாரில் இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் வந்து படிந்துள்ளன. ஆனால் முதிர்ந்து சலாபத்துக்கு உதவியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் கடற்கொந்தளிப்பு அவற்றை வாரிச் சென்றுவிடும். பரிசோதனைக் காலத்திலே வரைந்த படம் சிப்பி நிறைந்த பாரைக் காட்டும். சோழகம் ஓய்ந்தபின் வரைந்தால் அதே இடம் வெறும் பாறை. இரண்டும் உண்மைப் படங்களே. இவற்றை ஒன்றன்மேலொன்றாக வைத்துத் திகதியை நீக்கிவிட்டால், என்றுமே இருந்திராத ஒரு செல்வம் அங்கே இருந்ததாகிவிடும். குடியேற்ற ஆட்சியின் வருமானக் கணிப்புகள் பலமுறை பொய்த்தமைக்கு இம்மயக்கமும் ஒரு காரணம் எனக் கொள்வது பிழையாகாது.

திகதி இருந்தாற் போதுமா? எந்தத் திகதி என்பதும் வினாவாகின்றது. பாக்குநீரிணை முதல் ஆதாம் அணை வரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே எல்லை வகுத்த உடன்படிக்கை கொழும்பில் 1974 யூன் 26 இலும் புதுதில்லியில் யூன் 28 இலும் கைச்சாத்திடப்பட்டது. நடைமுறைக்கு வந்தது யூலை 8 இல். மன்னார்க் குடாவின் எல்லையை வகுத்த இரண்டாவது உடன்படிக்கை 1976 மார்ச்சு 23 இற் கைச்சாத்தாகி மே 10 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1974 யூன் 30 ஆம் நாளன்று தலைமன்னாருக்கு வடக்கே கடலிற் கோடு இருந்ததா? கைச்சாத்தைக் கணக்கெடுப்போர் இருந்தது என்பர். சட்டவலுவைக் கணக்கெடுப்போர் இல்லை என்பர். வலை வீசச் சென்ற மீனவனுக்கு இவ்வேறுபாடு சொற்போர் அன்று. படத்தைத் தொகுப்பவர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்து எழுதிவிட்டு, எதனைத் தெரிந்தார் என்பதைக் குறிக்காது விட்டால், பின்வருவோர் அதனை மட்டுமே உண்மையெனக் கொள்வர்.

இன்னும் பின்னோக்கிச் செல்லின் நாட்காட்டியே மாறுகின்றது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560 இல். அக்காலத்து ஐரோப்பா முழுவதும் வழங்கியது யூலியன் நாட்காட்டி. 1582 ஒக்டோபரிற் போர்த்துக்கல் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது பத்து நாட்கள் நீக்கப்பட்டன. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய காலத்து ஆவணங்கள் புதிய நாட்காட்டியில் அமைந்தவை. இவ்விரு காலத்து ஆவணங்களையும் ஒரே அட்டவணையிற் சேர்க்கும்போது கணினி என்ன செய்யும்? சில மென்பொருள்கள் 1582 க்கு முந்திய திகதிகளை யூலியன் முறைப்படி வாசிக்கும். வேறு சில, கிரெகோரியன் முறையையே காலாதிகாலம் பின்னோக்கி நீட்டும். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிய மென்பொருட் பதிப்புகளும் உண்டு. அவ்வேளையிற் பழைய திகதிகள் பத்து நாள் இடம்பெயர்ந்துவிடும். எவரும் ஆவணத்தைத் தொட்டிருக்கமாட்டார்.

நாளிலிருந்து மணிக்கு வருவோம். மன்னார் நகரம் ஏறத்தாழக் கிழக்கு நெடுங்கோடு 79 பாகை 54 கலையில் அமைந்துள்ளது. சூரியனை நம்பிக் கணித்தால், மன்னாரின் நேரம் கிறீன்விச் நேரத்துக்கு 5 மணி 19½ நிமிடம் முந்தியது. 1906 க்கு முன்னர் இலங்கையில் வழங்கிய அரச நேரமும் ஏறக்குறைய இதுவே. 1906 தொடக்கத்தில் இந்தியாவும் இலங்கையும் கிறீன்விச்சுக்கு 5½ மணி முந்திய நியம நேரத்தை ஏற்றன. அன்று முதல் மன்னாரின் உச்சி வெயில், ஆண்டுச் சராசரியாகப் பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு நகர்ந்தது. பத்து நிமிடத்தை எவர் பொருட்படுத்துவர்? ஆயினும் இரு கரைக்கும் ஒரே மணி என்ற வசதி பெரிது. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து, புகையிரத இணைப்புக் கப்பற் சேவை தொடங்கியபோது பயணிகள் கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வொற்றுமை சிறிது குலைந்தது. இலங்கையின் கடிகாரம் 1942 சனவரியில் அரைமணியும், அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரைமணியும் முன்தள்ளப்பட்டு, 1945 ஒக்டோபரில் பழைய நிலைக்கு மீண்டது.

1964 ஆம் ஆண்டுச் சூறாவளியின்போது இருகரையும் மீண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. இலங்கையின் வடபகுதியை டிசெம்பர் 22 இற் கடந்த அப்புயல், அன்றிரவே மறுகரையில் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலால் வாரிக்கொள்ளப்பட்டது. அச்சம்பவத்தோடு இணைத்துக் கூறப்படும் நேரம் இரவு 11.55. நள்ளிரவைத் தாண்டியும் அழிவு தொடர்ந்தமையால் சில நூல்கள் 22 என்றும் சில 23 என்றும் திகதியிடுகின்றன. மன்னார்க் கரையோரத்தின் காலத் தேசப்படம் ஒன்றைச் சோதிப்பதற்கு இதனினும் பொருத்தமான நிகழ்வு கிடைத்தல் அரிது. ஏனெனில் நிகழ்வின் உண்மை ஐயத்துக்கு இடமற்றது. நேரமோ நாளின் விளிம்பிலே நிற்கின்றது.

கணினிகள் பெரும்பாலும் நேரத்தை ஒருங்கிணைந்த உலக நேரத்திலே, 1970 சனவரி முதல் நாள் தொடக்கம் கழிந்த நொடிகளாகவோ நொடியின் ஆயிரத்திலொரு கூறுகளாகவோ எண்ணி வைக்கின்றன. (அவ்வகையில் 1964 இன் புயல் ஓர் எதிர் எண்; மன்னாரின் எழுதப்பட்ட வரலாற்றிற் பெரும்பகுதி எதிர் எண்களிலேயே கழிந்துவிடுகின்றது!) தொகுப்பாளர் '1964 டிசெம்பர் 22, இரவு 11.55' என இலங்கை, இந்திய நேரத்திற் பதிந்திருந்தார் எனக் கொள்வோம். பழைய பதிப்பு அப்பதிவையும் வினாவையும் ஒரே உள்ளூர் நேரமாகக் கருதியதால் விடை சரியாக வந்தது. புதிய பதிப்போ, வேறு அறிவுறுத்தல் இல்லாதவிடத்து, சேமித்த எண்ணை உலக நேரமாகவே வாசிக்கின்றது. விளைவு யாது? காட்டும்போது 5½ மணியைக் கூட்டுவதால் புகையிரதம் டிசெம்பர் 23 விடியற்காலை 5.25 க்கு அழிந்ததாகத் திரையிலே தோன்றுகின்றது. 22 ஆம் நாளை வினவுபவர்க்கு அது கிடைப்பதேயில்லை. மாறாக, மணி குறிக்காமல் '23' என நாளை மட்டும் எழுதியிருந்தால், அது அந்நாளின் தொடக்கமாகிய நள்ளிரவாகக் கொள்ளப்பட்டு, உலக நேரத்துக்கு மாற்றப்படும்போது 22 ஆம் நாள் மாலை 6.30 ஆகிவிடுகின்றது. அவ்வாறாயின் உலக நேரப்படி 23 ஐ வினவுபவர்க்கு அது கிடைக்காது. பிழை இருதிசையிலும் ஓடக்கூடியது என்பதே இங்கு உய்த்துணரற்பாலது.

பிழையைத் தேடும் முறை வரலாற்று மாணவர்க்குப் பழக்கமானதே. முதலிற் கால எல்லை எதுவுமின்றி வழங்கியை வினவுதல் வேண்டும். புள்ளிகள் யாவும் வந்தால் தரவு நலமே. அடுத்து, படத்தின் முதற்றிகதியும் கடைத்திகதியும் யாவை, அவை எந்த நேர வலயத்திற்குரியன என வழங்கியே தன்னைப்பற்றிக் கூறும் விவரத்தை வாசித்தல் வேண்டும். புதிய பதிப்பில் இவ்விவரம் வெறுமையாக விடப்பட்டிருப்பது வழமையான குறைகளுள் ஒன்று. பின்னர் ஓராண்டு அகலமான எல்லையிட்டு வினவி, அதனை மாதமாகவும் நாளாகவும் மணியாகவும் ஒடுக்கிச் சென்றால், அறிந்த நிகழ்வு எந்த இடத்தில் நழுவுகின்றது என்பது புலப்படும். நழுவும் இடைவெளி சரியாக 5½ மணியாயின் குற்றவாளி நேர வலயமே. இடைவெளியே இன்றி வினா முழுவதும் மறுக்கப்பட்டால், குறை வேறிடத்தில் உள்ளது. எடுத்துக்காட்டாக, பரவலாகப் பயன்படும் ஆர்க்ஜிஐஎஸ் வழங்கியில், 10.2 ஆம் பதிப்பு முதல் நியமப்படுத்திய வினவல் முறை இயல்பாகவே நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் உரிய வடிவில் எழுதிவந்த திகதி வினாக்கள் அதன்பின் ஏற்கப்படவில்லை. திகதியைத் திகதியாக அன்றி வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணைகளும் இவ்வகைத் தொல்லை தருவன. அறிந்த ஒரு சான்றை வைத்து அறியாததை அளத்தல் என்ற இம்முறை, கல்வெட்டின் ஆட்சியாண்டைக் கிரகணக் குறிப்பொன்றினால் உறுதிசெய்யும் முறையின் உடன்பிறப்பே.

இடம்பற்றிய பிழை இவ்வளவு மறைவானதன்று. இலங்கை நில அளவைத் திணைக்களம், 1800 இல் தொடங்கியதிலிருந்து, தன் அளவீட்டு அடிப்படையைப் பலமுறை புதுப்பித்துள்ளது. பழைய மெட்ரிக் கட்டமைப்பிற் பிதுருதலாகலை மலைக்கு வழங்கிய ஆள்கூறு 200,000 மீற்றர். 1999 ஆம் ஆண்டின் தரவடிப்படையை ஒட்டிய புதிய கட்டமைப்பில் அது 500,000 மீற்றர். இரண்டையும் கலந்துவிட்டால் மன்னார் கிழக்கேயும் வடக்கேயும் முந்நூறு கிலோமீற்றர் தள்ளி வங்காள விரிகுடாவில் மிதக்கும். சிறுவனும் சிரித்துத் திருத்திவிடுவான். காலம்பற்றிய பிழையைக் கண்டு சிரிப்பார் இல்லை. அது தவறான படத்தைக் காட்டுவதில்லை. ஒழுங்கான, அமைதியான, ஆனால் வெறுமையான படத்தைக் காட்டுகின்றது. வெறுமையை 'ஒன்றும் நிகழவில்லை' என வாசிப்பது எளிது. போர் நடந்த மண்ணில் அவ்வாசிப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போர்க்காலத்து மன்னாரில் இச்சிக்கல் உச்சநிலையை அடைந்தது. 1996 இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி குன்றியபோது, மாலை வெளிச்சத்தை நீட்டி மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்குடன் அரசாங்கம் மே 25 நள்ளிரவிற் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. கிறீன்விச்சுக்கு 6½ மணி முந்திய அந்நேரத்தின்படி மன்னாரில் உச்சி வெயில் பகல் 1 மணி 10 நிமிடத்துக்கு வந்தது. பிள்ளைகள் இருளிலே பாடசாலைக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. ஒக்டோபர் 26 இல் அரைமணி குறைக்கப்பட்டு 6 மணி வேறுபாடு நிலைபெற்றது. ஏறக்குறைய ஒன்பதரை ஆண்டுகளின் பின், 2006 ஏப்பிரல் 15 இல், பழைய 5½ மணிக்கே நாடு மீண்டது. ஆனால் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் 1996 இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை; அங்கே கடிகாரங்கள் 5½ மணியிலேயே ஓடின. மன்னார்த் தீவு அரச படையினர் வசம். பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி புலிகள் வசம். ஆகவே ஒரே மாவட்டத்தினுள், ஒரே அரசாங்க அதிபரின் நிருவாகத்தினுள், இரண்டு நேரங்கள் வழங்கின. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியைக் கடந்து மடுப்பக்கம் சென்றவர், சில நூறு யார் நடந்து அரைமணியைப் பின்னே தள்ளினார். திரும்பி வந்தவர் அவ்வரைமணியை இழந்தார். எல்லைகளிற் பொருளுக்கு வரி கொடுப்பதுண்டு. இங்கே நேரத்துக்கும் வரியிருந்தது!

கணினிகள் உலக நாடுகளின் நேர மாற்றங்களை அறிவது ஒரு பொது அட்டவணையினால். 1980 களில் ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் தொடக்கிவைத்த அத்தொகுப்பில் இலங்கைக்கு ஒரேயொரு வலயம் உண்டு. அதன் பெயர் கொழும்பு. 1906, 1942, 1945, 1996, 2006 ஆகிய மாற்றங்கள் யாவும் அதில் உள. உயிலங்குளத்தின் கிழக்கே வேறு நேரம் வழங்கிய செய்தி, தொகுப்பாளரின் குறிப்புரையிலே இடம்பெற்றுள்ளதேயன்றிக் கணக்கிடும் வரியிலே இல்லை. அரசாணை வரிசையாகப் பதிவாகின்றது. அவ்வாணையை ஏற்காத மக்களின் நாளாந்த வாழ்வு குறிப்புரையாகின்றது. வரலாறெழுதும் முறைக்கு இதனை ஓர் உவமையாகக் கொள்ளலாம். உவமையாக அன்றி நேரடி விளைவாகவும் கொள்ளலாம். அவ்வட்டவணை இற்றைப்படுத்தப்படாத பொறிகள் 2006 இன் பின்னும் ஆறுமணி வேறுபாட்டையே பிடித்துக்கொண்டிருந்தன. மறுபுறம், இன்றைய 5½ மணியை மட்டும் அறிந்து பழைய மாற்றங்களை அறியாத மென்பொருள், அந்த ஒன்பதரை ஆண்டின் பதிவுகள் அனைத்தையும் அரைமணி பிறழ வாசிக்கும்.

2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை இதற்குத் தெளிவான சான்று. சுமத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது உலக நேரம் 00 மணி 58 நிமிடத்தில். அரச நேரப்படி அப்போது இலங்கையிற் காலை 6.58; இந்தியாவில் 6.28, முல்லைத்தீவுக் கரையில் வழங்கிய கடிகாரத்திலும் 6.28. ஒரே அலையை இருவேறு நிருவாகங்கள் பதிந்தால் அரைமணி வேறுபாடு தோன்றுவது இயல்பு. அவ்வேறுபாட்டை அலையின் வேகமாகவோ சாட்சியின் மறதியாகவோ விளங்கிக்கொள்வது எத்துணைப் பெரிய தவறாகும்! மன்னார்க் கரை அந்நாளிற் பேரழிவினின்று பெரிதும் தப்பியது. எனினும் அம்மாவட்டத்தின் போர்க்கால இடப்பெயர்வு, எறிகணை வீச்சு, மரணம் ஆகியவற்றைப் பதிந்த குறிப்புகள் யாவும் இதே இரு கடிகாரங்களுள் ஒன்றினாலேயே நேரமிடப்பட்டவை. நள்ளிரவை ஒட்டியவற்றில் அரைமணி என்பது ஒரு நாளாகிவிடும்.

நாளும் மணியும் திருத்தப்பட்ட பின்னரும் எஞ்சும் வெற்றிடம் ஒன்று உளது. 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி முதலிய தீவுக் கிராமங்களின் மக்கள் படகுகளிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவ்வாண்டு நவம்பரை எல்லையாக வைத்து மன்னார்ப் படத்தை வினவினால் அக்கிராமங்கள் வெறுமையாகவே தோன்றும், அவ்வெறுமை உண்மை. ஆனால் அம்மக்கள் எங்கே என்பதை மன்னார்ப் படம் சொல்லாது. அதற்குப் புத்தளத்தின் படத்தை விரித்தல் வேண்டும். குடிசன மதிப்பீட்டை நாடினால், 1981 இல் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 1,06,000. அடுத்த முழுமையான மதிப்பீடு நடந்த 2012 இல் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1991 இல் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் நடந்தது மன்னாரில் நிறைவுபெறவில்லை. இடைப்பட்ட முப்பத்தோராண்டில் எந்த நாளைக் கேட்டாலும், வழங்கி ஒன்றில் 1981 இன் எண்ணையே திரும்பத் தரும், அல்லது இரண்டு எண்களுக்கும் இடையே நேர்கோடு இழுத்துத் தரும். அந்நேர்கோட்டின்படி மன்னாரில் ஆண்டுதோறும் ஓரிரு நூறு பேர் அமைதியாகக் குறைந்துகொண்டிருந்தனர். அது எவரும் வாழ்ந்த வரலாறன்று. இவ்விடத்தில் 'பதிவு இல்லை' என்ற விடையே நேர்மையானது. மென்பொருளை அவ்வாறு விடையளிக்கச் செய்வதும் இயலும்.

ஆகவே இக்கரையோரத்தின் காலப்படத்தைத் தொகுப்போர் மூலப்பதிவில் எழுதியிருந்த நாளையும் மணியையும் எழுதியவாறே ஒரு நிரலிற் காத்தல் வேண்டும். எந்தக் கடிகாரம், எந்த நாட்காட்டி என்பதை அடுத்த நிரலிலும், உலக நேரத்துக்கு மாற்றிய எண்ணை மூன்றாவதிலும் வைத்தால், பதிப்பு மாறும்போது மூன்றாவதை மட்டும் மீளக் கணித்தல் போதுமானது. இரண்டாவது நிரலை நிரப்புவதே கடினம். பதிவை எழுதியவர் அன்று சாவடியின் எப்பக்கம் நின்றார் என்பதை எந்தப் பொறியும் ஊகிக்கமாட்டாது. அதனை அறிந்தோர் இன்னும் ஊர்களில் வாழ்கின்றனர்.

2006 ஏப்பிரல் 15 அதிகாலை 12.30 க்கு அரச கடிகாரம் நள்ளிரவுக்குத் திருப்பப்பட்டது. மன்னார் நகரில் அவ்வரைமணி இருமுறை கழிந்தது. 12.15 எனக் குறித்த பதிவொன்று அவ்விரவில் இருவேறு கணங்களுள் எதனையும் சுட்டலாம். உயிலங்குளத்துக்கு அப்பால் அது ஒரேயொரு முறைதான் கழிந்தது. அங்கே எவரும் கடிகாரத்தைத் தொடவில்லை. அன்றிலிருந்து சாவடியின் இருபக்கமும் ஒரே மணி காட்டின.